நூற்று நாற்பத்து மூன்றாம் கேசட்

காலடிப்பேட்டை,
திருவொற்றியூர்.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மகிழினிக்கு, உன் நைனா வரதன் தன் கையாலேயே எழுதுவது.

மேலே உள்ள வரியை இன்னொரு முறை படி. இன்னாசி மாமா எழுதித் தரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணும் எழுதவில்லை. நான்தான் எழுதினேன். அந்த ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. எழுதி முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, தூரத்தில் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

நைனாவுக்கு ஒரு வரி எழுத ஏன் கால் மணி நேரம் என்று நீ நினைப்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேரே அங்கே போகத் தைரியம் வரவில்லை. முதலில் மற்ற செய்திகளைச் சொல்கிறேன்.

நான் நலம். சர்க்கரை கொஞ்சம் உண்டு, மாத்திரை போடுகிறேன். இன்னாசி மாமாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி வாரத்துக்கு இரண்டு முறை வந்துவிடுகிறார். உன் கல்யாணப் பத்திரிகையில் இருந்த நாக்பூர் விலாசத்தைத்தான் உறை மேல் எழுதியிருக்கிறேன். நீ அங்கேயே இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

நம் வீட்டு கேசட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாட்களில் அலமாரியில் கரி படிகிறது. துணியால் துடைத்துத் துடைத்து வைக்கிறேன். இப்போது ஒரு நீள நோட்டு வாங்கி, எல்லாவற்றையும் அதில் எழுதி வருகிறேன். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு எண், அதற்கு ஒரு பக்கம். பாடியவர் யார், வாத்தியம் என்ன, ராகம் எது, கடையில் வாங்கியதா, ரேடியோவிலிருந்து நான் பிடித்ததா என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று கேசட் முடிந்தால் அது நல்ல நாள்.

இதற்கு யோசனை சொன்னது சாபிரா. கார்ப்பரேஷன் பள்ளியில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிற பெண். லைப்ரரியில் வைப்பது போல் பாடகர் பெயர் வரிசையில் வைக்கச் சொன்னாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாடுகிறவர் பல பேர், தோடி ஒன்றுதான், அதனால் ராகப்படிதான் வைப்பேன் என்றேன். "அப்போ ஒரே கேசட்ல ஆறு ராகம் இருந்தா எங்க தாத்தா வெப்பீங்க?" என்று கேட்டுவிட்டாள். இரண்டு நாள் யோசித்தேன். அதில் எது பெரிதாக விரிந்திருக்கிறதோ அந்த ராகத்தில் வைப்பது, மற்றதை நோட்டில் குறிப்பது என்று முடிவு செய்தேன். அவளும் சரி என்றாள். இன்னாசிதான் கிண்டல் செய்கிறார். "இன்னா மாமு, ஹார்பர்ல கண்டெய்னருக்கு நம்பர் போட்ட மாரி பாட்டுக்கெல்லாம் நம்பர் போட்டுகினுகீறே? கஸ்டம்ஸ்காரன் வந்து சீல் வெக்கப்போறான் பாரு" என்கிறார்.

இன்று கை வலிக்கிறது. மீதியை நாளை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை.

நேற்று எழுதவில்லை. பென்சிலை எடுத்து எடுத்து வைத்தேன்.

மகிழினி, உன் நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. போன வருஷம் சாபிராவின் வகுப்பில் போய் உட்காரும் வரை ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஹார்பரில் சம்பளம் வாங்கும்போது போடுகிற கையெழுத்தை உன் அம்மா கற்றுக்கொடுத்தாள். கோலம் போடுவது போல அதை மட்டும் போடுவேன். காலையில் நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தது படம் பார்க்கத்தான். நீ பள்ளியிலிருந்து மார்க் அட்டை கொண்டுவரும் நாளில் உன் அம்மா ரமாபாய் அதை முன்னாடியே படித்துவிட்டு என் காதில் சொல்வாள். நான் வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கணக்கில் ஏன் குறைந்தது என்று அதட்டுவேன். "எங்க நைனா ஒரு தடவ பாத்தா போதும், அல்லாத்தையும் படிச்சிரும்" என்று நீ தெருவில் பெருமை பேசினாய். அதைக் கேட்ட பிறகு உன்னிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவே இல்லை.

கேசட்டுகளின் முதுகில் உன் அம்மா நகப்பாலிஷில் புள்ளி வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். அழகுக்கு வைத்தது என்று நீ நினைத்திருப்பாய். அது எனக்காக வைத்தது. பாட்டு என்றால் ஒரு புள்ளி, நாகஸ்வரம் என்றால் இரண்டு, வீணையும் புல்லாங்குழலும் மூன்று. மேல் தட்டில் காலை ராகங்கள், கீழ்த் தட்டில் மாலை ராகங்கள். புள்ளியே இல்லை என்றால் அது வெறும் கேசட், அதில் நான் ரேடியோவிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். எங்கள் இரண்டு பேருக்கும் இதுதான் சட்டம்.

நீ அம்மாவைப் பாடவைத்துப் பதிவு செய்த கேசட்டில் புள்ளி இல்லை.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய வாரம், நான் ஷிப்டுக்குப் போயிருந்த மதியத்தில், நீங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தீர்கள். அதற்குப் புள்ளி வைக்க அவளுக்கு உடம்பில் தெம்பு இல்லை. நீ மேலே எழுதினாய். எழுதினால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அழியாமல் இருக்கப் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் பல்லையும் உடைத்து வைத்தாய். நான் மூர் மார்க்கெட்டில் வாங்குகிற பழைய கேசட் எல்லாம் பல் உடைந்தவைதான். அந்த ஓட்டையில் டேப் ஒட்டி, மேலே பதிவு செய்வது எனக்குப் பழக்கம். அதைப் போலவே இதிலும் ஒட்டினேன். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஒரு சாயங்காலம் ரேடியோவில் நாகஸ்வரம் வைத்தார்கள். வார்டில் உன் அம்மா கேட்கட்டும் என்று பிடித்தேன். எடுத்துக்கொண்டு போன நேரத்தில் அவளுக்குக் கேட்கும் நிலைமை இல்லை. அதற்கு இரண்டாம் நாள் போய்விட்டாள்.

முப்பதாம் நாள், அப்போது நாம் இருந்த வியாசர்பாடி வீட்டில் சொந்தக்காரர்கள், ஹார்பர் ஆட்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். நீ அந்த கேசட்டைப் போட்டாய். நாகஸ்வரம் வந்தது. நீ அதை வெளியே எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாய். "எழுதி வெச்சிருக்கேனே நைனா! படிச்சிட்டுத்தானே அழிச்சே?" என்று கேட்டாய்.

படிக்கத் தெரியாது என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேர் நடுவில், என்னைப் பற்றிப் பெருமை பேசிய மகளிடம் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. "ஆமா, படிச்சிட்டுத்தான் அழிச்சேன். போனவ கொரல வெச்சிகினு இன்னா பண்ணப்போறே?" என்று கத்தினேன். படிக்காதவன் என்று தெரிவதைவிடக் கல்நெஞ்சன் என்று பேர் வாங்குவது எனக்கு அன்று சுலபமாக இருந்தது.

அடுத்த மாதம் நீ நாக்பூரில் வேலைக்குப் போய்விட்டாய். இருபத்தொரு வருஷம் ஆகிறது. உன் கல்யாணப் பத்திரிகையை இன்னாசிதான் படித்துச் சொன்னார். "கெளம்பு மாமு, நானும் வரேன்" என்றார். டிக்கெட்கூட எடுத்துவிட்டார். நீ மறுபடியும் அதைக் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து, காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை.

இன்று முடித்துவிடுவேன்.

உப்புக் காற்றில் நகப்பாலிஷ் உதிர்ந்து போயிற்று. எந்த கேசட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போனதால்தான் நான் வகுப்பில் சேர்ந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? டோல்கேட்டில் நின்றுகொண்டு பஸ் பலகை, கடைப் பலகை, மருந்துக் கடைக்காரர் பெயர் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் தள்ளிப் போய் நின்றாள். வீட்டுக்கு வந்து கேசட்டுகளைப் படிக்கத் தொடங்கினேன். முப்பது வருஷம் கேட்ட பாடகர்களின் பெயரை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன்.

போன மாதம் நூற்று நாற்பத்து மூன்றாம் எண்ணுக்கு வந்தபோது உன் கையெழுத்து இருந்தது. அம்மா பாடியது என்று எழுதியிருப்பாய், அது எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் கூட்டிப் படித்தேன். "நைனாவுக்காக அம்மா பாடியது" என்று இருந்தது.

எனக்காக என்பதை நீ அன்று சொல்லவில்லை. அது எழுத்தில் மட்டும்தான் இருந்தது. உள்ளே இருந்த அட்டையையும் படித்தேன். கல்யாணி, சகானா, பேகடா, ஆனந்தபைரவி, மத்தியமாவதி. உன் அம்மா எந்த வாத்தியாரிடமும் போகாமல், என் கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டவள். ஐந்தும் நான் கேட்க ஆசைப்படுகிறவை. இரண்டு பக்கத்தையும் கடைசி வரை ஓடவிட்டுக் கேட்டேன், எங்காவது ஓரத்தில் மிச்சம் இருக்குமோ என்று. நாகஸ்வரமும், அதற்குப் பிறகு வெறும் இரைச்சலும்தான் இருக்கிறது.

நோட்டில் அந்தப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உள்ளே இருப்பதைத்தான் எழுத வேண்டும், அதுதான் முறை என்கிறாள் சாபிரா. "மேல எழுதிகீறத எழுது மாமு, அதான் நெசம்" என்கிறார் இன்னாசி. எண்ணை மட்டும் போட்டுவிட்டு மேலே போய்விட்டேன். இப்போது நூற்று அறுபதில் இருக்கிறேன். அந்தப் பக்கத்தை நீ எழுதினால்தான் சரியாக இருக்கும்.

மாப்பிள்ளைக்கும் உன் பிள்ளைக்கும் என் ஆசிகள். பிள்ளை ஆணா பெண்ணா, என்ன பெயர் வைத்தாய் என்றுகூட எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

நீ வரவேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஒரு கடிதம் போடு. திட்டி எழுதினாலும் சரி. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக, தனித்தனியாக எழுதம்மா. யார் கையிலும் கொடுக்கமாட்டேன். எத்தனை நாள் ஆனாலும் நானே படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் நைனா
வரதன்