கிளினிக் வரிசையில் உங்கள் குரல்

மிஸ்,

இன்று காலை பிரஷர் மருந்துக்காகக் கிளினிக்குக்குப் போனேன். புதிதாகக் கட்டியிருக்கும் பச்சைத் திரைச்சீலையின் கஞ்சி மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்தது. அன்பினால் அல்ல, எரிச்சலினால். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் நேர்ஸ் இலக்கத்தை மட்டும் சொல்லிக் கூப்பிடுகிறா. மிச்சத்தைத் திரைக்குப் பின்னால் மெதுவாகக் கேட்கிறா. இவ்வளவுதான் வேண்டியிருந்தது. இதைக்கூட நீங்கள் செய்யவில்லை.

நீங்கள் கத்தப் பழகிய இடம் எனக்குத் தெரியும். இடப்பெயர்வில், தறப்பாள் கொட்டிலுக்குள் கிடந்த காயக்காரரின் பெயர், ஊர், என்ன காயம் என்று வாசலில் நின்று உரக்கச் சொல்வீர்கள். சனம் தங்கள் ஆட்களைக் கண்டுபிடித்தது அப்படித்தான். எங்கள் அப்பாவையும் அப்படித்தான் கண்டுபிடித்தோம். அந்த நன்றிக்காகப் பலர் உங்களைப் பொறுத்துக்கொண்டார்கள். என்னால் முடியவில்லை. சண்டை முடிந்து, கட்டடம் எழும்பி, கதிரை மேசை எல்லாம் வந்த பிறகும் நீங்கள் அந்தக் கொட்டில் வாசலிலேயே நின்றீர்கள்.

தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். தன் வலிப்பு வருத்தத்தை மாப்பிள்ளையிடம் தானே சொல்வதென்று அவள் முடிவெடுத்திருந்தாள். அதற்குள் கிளினிக் நாள் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியம்மாவும் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்து அதே வரிசையில் நின்றா. நீங்கள் தங்கச்சியின் பெயரைச் சொல்லி, "வலிப்புக்குக் குளிசை எடுக்கிற பிள்ளை எங்கை? கெதியா வாங்கோம்மா!" என்று கூப்பிட்டீர்கள். செல்லமாகத்தான் கூப்பிட்டீர்கள். அந்தக் கிழமையே சம்பந்தம் குழம்பியது.

"இனி அந்த வரிசையிலை நான் நிக்கமாட்டன்" என்று தங்கச்சி மருந்தை விட்டாள். கெஞ்சியும் ஏசியும் பார்த்தோம், கேட்கவில்லை. ஒருநாள் குசினியில் தனியே நின்றபோது வலிப்பு வந்து அடுப்புக்குள் விழுந்தாள். இடது கை விரல்கள் இன்றும் நிமிராது.

அவள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தபோது உங்களிடம் வந்து கேட்டேன். "நான் என்ன பொய்யே சொன்னனான்? ஊருக்குள்ளை என்ன ஒளிப்பு மறைப்பு, பிள்ளை?" என்றீர்கள். நோயாளியின் விபரத்தை வெளியில் சொல்லக் கூடாதென்று உங்களுக்கெல்லாம் வகுப்பு வைத்தபோதும், "உதெல்லாம் கொழும்புக் கதை" என்று சிரித்தீர்களாம்.

அதற்குப் பிறகு தங்கச்சியை பஸ்ஸில் வவுனியாவுக்குக் கூட்டிப் போய் மருந்தெடுத்தேன். அங்கே ஒரு நாள், வேறொரு கிளினிக் வாசலில், சேலைத் தலைப்பால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு கடைசி மர வாங்கில் குந்தியிருந்தீர்கள். வாசலில் எழுதியிருந்ததைப் படித்ததும் என்ன வருத்தமென்று விளங்கிவிட்டது. எழும்பி வந்து என் கையைப் பிடித்தீர்கள்.

"பிள்ளை, கடவுளாணை, ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"ஏன் மிஸ், ஊருக்குள்ளை என்ன ஒளிப்பு மறைப்பு?"

தலையைக் குனிந்துகொண்டீர்கள். எனக்கு அது போதவில்லை. அந்த வாசலில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் போலிருந்தது. தங்கச்சிதான் அந்த வளைந்த விரல்களால் உங்கள் தோளைத் தொட்டு, "நாங்கள் சொல்லமாட்டம் மிஸ், பயப்பிடாதேங்கோ" என்றாள்.

உங்கள் செத்தவீட்டில் அதே பெரியம்மா எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தா. "மிஸ்ஸுக்கு என்ன வருத்தமாம்? நீ வவுனியாவுக்குப் போய் வாறனீ, உனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்று காதுக்குள் கேட்டா. சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. தங்கச்சி எதிரில் வலது கையால் தட்டைப் பிடித்து, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

கோபம் இன்னும் ஆறவில்லை மிஸ். அவளுடைய கையைக் காணும் போதெல்லாம் உங்கள் வருத்தத்தின் பெயர் என் வாய்க்கு வருகிறது. இந்த மடலிலும் அதை எழுதவில்லை.