உன் பெயரைச் சொல்லாத கிளி

பச்சை மிளகாய் கிள்ளிய கையோடு கண்ணைத் துடைத்துவிட்டேன். எரிச்சலில் கண்ணீர் வழிய, கிளிக்கூண்டுக்கு முன்னால் நின்றபடி உன்னை நினைத்துக்கொண்டேன். நீ இருந்திருந்தால், "இத்தன வருசமா மொளகா கிள்ளுறீங்க, இன்னும் கை கழுவத் தெரியல" என்று சிரித்திருப்பாய்.

கிள்ளான் பாசார் சந்தையில் அந்தக் கிளியை நீதான் கேட்டாய். கல்யாணமாகி மலாயாவுக்குக் கப்பலேறி வந்த மூன்று வருடத்தில் நீ வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அது. பிரிக்பீல்ட்ஸில் கூலிக்காரர் வரிசை வீடுகளான நம் லயத்துக்குத் திரும்பும் ரயிலில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டே வந்தாய். அதற்கு உன் பெயரைச் சொல்லப் பழக்கப்போவதாகச் சொன்னாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "கிளிக்குச் சொல்லிக்குடுக்க வேற பேரே கெடைக்கலியா?" என்றேன்.

"இந்த ஊருல எம்பேரச் சொல்லிக் கூப்புட யாரு இருக்கா? நீங்க 'ஏய்'ங்கிறீங்க. இதாச்சும் சொல்லட்டுமே."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் லயத்து ஆட்கள் கேலி செய்வார்கள் என்று எனக்கொரு வறட்டு வீம்பு.

நீ பொறுமையாகத்தான் பழக்கினாய். வாழைப்பழம் கொடுத்தாய், சீந்தவில்லை. வேர்க்கடலையை உடைத்துக் கீழே போட்டது. ஊறவைத்த பயறு, ரம்புத்தான் பழம் எல்லாம் வைத்துப் பார்த்தாய். மிளகாய் விதையைக் கண்டதும்தான் கழுத்தை நீட்டியது. அன்றுமுதல் பழக்கும் நேரம் தவிர அதற்கு மிளகாய் கிடையாது. உன் பெயரைப் போல ஏதாவது முனகினால் உடனே ஒரு விதை. "தாமதிச்சா எதுக்குக் குடுத்தோம்னு அதுக்குத் தெரியாது" என்பாய். ஒரு மாதத்தில் பாதிப் பெயர் வந்துவிட்டது.

கெடுத்தவன் நான். வேலை முடிந்து அலுப்போடு வருவேன். கிளி கீச்சென்று கத்தும். அதன் வாயை அடைக்க முழு மிளகாயை நீட்டுவேன்.

"கத்துறதுக்குக் கூலி குடுக்குறீங்க. வயிறு நெறஞ்சா அது ஏன் பேசப்போவுது?" என்று எத்தனை தடவை சொன்னாய்! "அட போ, வாயில்லாத சீவன்" என்று தர்மப்பிரபு மாதிரிப் பேசினேன். பத்தே நாளில் அந்தப் பாதிப் பெயரும் போய், கத்தல் மட்டும் மிஞ்சியது. நீ சண்டை போடவில்லை. பழக்குவதை நிறுத்திவிட்டாய்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ஐந்தாம் நாள் போயும்விட்டாய். அன்று காலையிலும் 'ஏய்' என்றுதான் உன்னை எழுப்பினேன். 

இப்போது நீ செய்தபடியே செய்கிறேன். கத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். விதையை விரலில் வைத்துக்கொண்டு உன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று சத்தமாகவே. கிளி தலையைச் சாய்த்துக் கேட்கிறது. இன்னும் சொல்லவில்லை.

நேற்று பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். உன்னோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர், கடைசிவரை உன்னைத் 'தங்கச்சி' என்றே கூப்பிட்டவர்.

"தம்பி, தெனமும் சொல்லிக்கிட்டிருக்கீங்களே, அது யாரு பேரு?"

"என் சம்சாரம் பேரு, அக்கா" என்றேன். உயிரோடு நீ இருந்த காலத்தில் அது ஒருமுறைகூட அவர் காதில் விழாமல் பார்த்துக்கொண்டேனே என்று வெட்கமாக இருந்தது.