உதுவும் உம்மடை

கனடாவிலிருந்து வந்திருக்கும் என் அண்ணையின் மகள் நேற்று ஒரு சாமானைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள், அக்கா. பச்சை நிறப் பொலித்தீன் பைகள், ஒன்றோடொன்று ஒட்டி, நூற்கட்டை மாதிரிச் சுருட்டிக் கிடந்தன. தையல் ரீச்சருக்கு ஏதோ புது நூல் என்றுதான் முதலில் நினைத்தேன். "இல்லை மாமி, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கேக்கை அது வழியிலை வெளிக்கு இருந்திட்டால் அள்ளிறதுக்கு. அங்கை இதுக்கெண்டே கடையிலை விக்கிறாங்கள். அள்ளாட்டித் தண்டம்" என்றாள். "அள்ளாட்டித் தண்டமோ!" என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறேன். பிள்ளை பயந்துபோனாள். உங்களைப் பற்றி அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்லுவது? அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் ரவுணில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் படிப்பித்தோம். நீங்கள் தமிழ், நான் தையல். நீங்கள் இணுவிலில் இருந்து பஸ்ஸில் வருவீர்கள், நான் குருநகரில் இருந்து நடந்து வருவேன். மத்தியானம் நான் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது நீங்கள் இருக்கும் கதிரை ஒரு சாண் யன்னல் பக்கம் நகரும். மீன் வாசம் உங்களுக்கு ஒத்துவராது. நானும் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. அந்த ஒரு சாணை விட்டால் எங்களுக்குள் வேறு தூரம் இருந்ததில்லை என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறில் கோட்டைப் பக்கம் சண்டை தொடங்கி எங்கள் கூரைகளில் ஷெல் விழுந்தபோது நீங்கள் ஆளனுப்பினீர்கள். "கேட்டுக்கொண்டு நிக்காதையும், வெளிக்கிட்டு வாரும்." வந்தோம். உங்கள் வீட்டுப் படலையில் என் கணவர், நான், தையல் மெசின், வள்ளக் கயிற்றில் கட்டிய ஜிம்மி. மெசினைப் பார்த்தீர்கள், சந்தோசம். ஜிம்மியைப் பார்த்தீர்கள், முகம் மாறியது.

"நாயுமோ?"

"எங்களுக்குப் பிள்ளை குட்டியே அக்கா? இவன்தானே."

கொஞ்ச நேரம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு திறந்துவிட்டுச் சொன்னீர்கள்: "சரி. நாய் உம்மடை. அப்ப உதுவும் உம்மடை."

"எது?" என்று கேட்டேன். நீங்கள் ஜிம்மியின் வாலடியை ஒருதரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். எந்தச் சொல்லுக்கும் தட்டுப்பாடு இல்லாத தமிழ் ரீச்சர். அந்த ஒரு சொல் மட்டும் உங்கள் வாயில் வராது. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். அது தூரத்தில் கிடப்பது. இது சொல்லுகிறவரிடம் கிடப்பது. உது கேட்கிறவரிடம் கிடப்பது. மற்ற ஊர்களில் அந்த மூன்றாவது ஏட்டோடு நின்றுவிட்டது, எங்கள் வாயில்தான் இன்னும் இருக்கிறது. நீங்கள் "உது" என்று சொன்னதும் ஜிம்மி போடப்போவதற்கெல்லாம் என் பேரில் காணி உறுதி எழுதித் தந்த மாதிரி இருந்தது.

உண்மையைச் சொன்னால், அதுவரைக்கும் நான் ஒருநாளும் நாய்க்குத் துப்புரவு செய்தவள் அல்ல. குருநகரில் ஜிம்மி கரைக்கு ஓடுவான், வேலையை முடிப்பான், மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும். இணுவிலில் ஏது கடல்? வேலி, வேலிக்குள் கூட்டின முற்றம், முற்றத்துக்கு அப்பால் வெங்காயத் தறை, அதற்கும் அப்பால் வேறொருவரின் வேலி. ஒழுங்கையில் விடலாமென்றால் அது கந்தசுவாமி கோயிலுக்குச் சனம் வெறுங்காலோடு போகிற ஒழுங்கை. எனவே காலையும் மாலையும் ஒரு கையில் கயிறும் மறு கையில் மண்வெட்டியுமாக ஜிம்மியோடு நடந்தேன். வேலிக்கு மேலால் தலைகள் எழும்பும்.

"ரீச்சர், எங்கை வெளிக்கிட்டாச்சு?"

"நான் வெளிக்கிடேல்லை. இவன்தான் வெளிக்குப் போறான். நான் துணைக்கு."

கிணற்றடியில் நின்ற நீங்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். அந்த வீட்டில் உங்கள் முதல் சிரிப்பு அது. சரி, இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கெட்டித்தனமான வேலையைச் செய்தேன். ஊருக்கு வெளியே தரவை வெளிக்குப் போய்க் கிடங்கு வெட்டிப் புதைப்பது எனக்கு அலுத்துவிட்டது. அத்தான், உங்கள் வீட்டுக்காரர், வெங்காயத்துக்கு மாட்டெருவும் ஆட்டெருவும் தாழ்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு போடுவது பசளை, ஆடு போடுவது பசளை, நாய் போடுவது மட்டும் என்ன என்று கடற்கரைக்காரிக்குத் தோன்றிற்று. உதவியாகவும் இருக்கட்டும் என்று ஒரு கிழமை முழுக்க ஜிம்மியுடையதைக் கொண்டுபோய் வெங்காயப் பாத்திகளில் புதைத்தேன். நல்ல ஆழமாகக்கூட இல்லை. கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். எனக்கு எதையும் கேட்டுச் செய்கிற பழக்கம் இல்லையே.

நீங்கள்தான் அந்தப் பாத்தியில் புல்லுப் பிடுங்கக் குந்தினீர்கள், வெறுங்கையோடு.

"முருகா!" என்ற சத்தம் கேட்டு ஓடிவந்தேன். கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "உது என்ன? சொல்லும், உது என்ன?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். பிழை என்னுடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் எனக்குக் கோபம் வந்தது; என்னுடைய குணம் அப்படி.

"மாட்டுச் சாணியைக் கையாலை அள்ளி முத்தத்துக்குத் தெளிக்கிறீங்கள். நாயின்ரை எண்டால் மட்டும் என்ன ஓங்காளம்?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? "அது நாயின்ரை எண்டில்லை, அக்கா. கரையிலை இருந்து வந்ததெல்லாம் உங்களுக்கு அருவருப்புத்தான். நாங்களும் அப்படித்தான். பள்ளிக்கூடத்திலை கதிரை இழுக்கேக்கையே எனக்குத் தெரியும்."

நீங்கள் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினீர்கள். சவர்க்காரம் கண்ணால் காணக் கிடைக்காத காலம் அது. வீட்டிலிருந்த கடைசித் துண்டைத் தேய்த்துத் தேய்த்து முடித்தீர்கள். நான் வெங்காயத் தறையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நாலு நாள் நாங்கள் கதைக்கவில்லை. சோறு வரும், கறி வரும், உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. ஐந்தாம் நாள் போய்விடுவது என்று முடிவெடுத்துச் சாமான்களைக் கட்டினேன். என் கணவருக்கு விசர் பிடித்தது. "எங்கை போறது? நாயாலை நடுறோட்டிலை நிக்கப் போறியோ? போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளன்" என்றார். "நான் கேக்கமாட்டன். ஏதாவது ஒரு கோயில் விறாந்தையிலை கிடப்பம்" என்றேன். போனால் ஷெல் விழுகிற பக்கம்தான் போகவேண்டும் என்று எனக்கும் தெரியும். வாய் அப்படி.

அன்றைக்கு வெளிக்கிடுவதற்காக வழக்கத்தைவிட வெள்ளனவே எழும்பினேன். நிலம் தெளிகிற நேரம். முற்றத்தில் நீங்கள் குனிந்து நின்றீர்கள். ஒரு கையில் கமுகமடல் துண்டு, மறு கையில் சிரட்டை நிறையச் சாம்பல். சேலைத் தலைப்பை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தீர்கள். உங்கள் சாமியறை வாசலுக்கு நேரே ஜிம்மி போட்டிருந்தான். மீன்தலை தின்று வளர்ந்தவனுக்கு உங்கள் வீட்டுப் பருப்பும் சோறும் ஒத்துவராமல் வயிறு கெட்டிருந்தது. நீங்கள் சாம்பலைப் போட்டீர்கள், மடலால் வழித்தீர்கள், அப்பால் போய் ஓங்காளித்தீர்கள், திரும்பி வந்து மிச்சத்தை வழித்தீர்கள்.

கயிற்றை ஒவ்வொரு விடியலும் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான், சனியன். நானோ "எங்கடை ஜிம்மி முத்தத்திலை ஒருநாளும் வெளிக்கு இரான்" என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன்.

"எத்தினை நாளா அக்கா?"

திடுக்கிட்டுத் திரும்பினீர்கள். "மெல்லக் கதையும், அத்தான் எழும்பிடுவார்."

"எத்தினை நாளா?"

"வந்த நாள் தொட்டு. முத்தத்திலை ஒருநாள் கண்டாலும் நாயைக் கொண்டுபோய் விடச் சொல்லிப் போடுவன் எண்டு அவர் அண்டைக்கே சொன்னவர்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் வெளிக்கிட்டிடுவீர். உம்மடை குணம் எனக்குத் தெரியாதே?" என்றீர்கள். பிறகு சிரட்டையை என்னிடம் நீட்டினீர்கள். "உதைப் பாத்துக்கொண்டு நிக்காமல் சாம்பலைப் போடும். எனக்கு இனி ஏலாது, சத்தி வருகுது."

நான் போட்டேன். கட்டின சாமான்களை அவிழ்த்தேன். மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. கேட்டதற்குச் சமம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த நாளிலிருந்து உங்களுக்கு முன்னமே எழும்பினேன். உங்களிடம் பழகின முறைதான் எனக்கு இன்றைக்கும்: முதலில் சாம்பல், அது ஈரத்தைக் குடிக்கும்வரை பொறுமை, பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே வழிப்பு, அந்த இடத்துக்கு மேல்மண். "நடுவிலை தொடங்கினால் பரவிப் போடும். பிள்ளையளின்ரை சண்டை மாதிரி" என்பீர்கள். ஜிம்மிக்குச் சோற்றுக் கஞ்சி காய்ச்சி வயிற்றைத் திருத்தியதும் நீங்கள்தான். "கண்டறியாத நாய்" என்று திட்டிக்கொண்டே காய்ச்சினீர்கள்.

அடுத்த வருடம் நாங்கள் குருநகருக்குத் திரும்பினோம். ஜிம்மி கிழடாகி எங்கள் வாசலிலேயே செத்தான். நீங்கள் பஸ் இல்லாத நாளில் சைக்கிளில் வந்து, படலைக்கு வெளியே நின்று, "அவன் போயிட்டானாம்" என்று கண்ணைத் துடைத்தீர்கள்.

பிறகு தொண்ணூற்றைந்து. ஆமி முன்னேறி வருகிறதென்று வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரேயடியாக எழும்பி மழைக்குள்ளால் தென்மராட்சிக்கு நடந்தது. கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில், கரும்பலகைக்குக் கீழே, ஓலைப்பாயில் உங்களைக் கண்டேன். அத்தான் அதற்கு முந்தின வருடம் மாரடைப்பில் போய்விட்டார். நடந்து வந்த களைப்பும், எந்தக் குளத்துத் தண்ணீரோ, வயிற்றோட்டமும் காய்ச்சலும். எழும்பி வெளியே போக உங்களால் முடியவில்லை. ஒரு ஈக்கூட்டம். சுற்றிப் படுத்திருந்த சனம் பாயைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்லவும் ஏலாது.

நான் அடுப்படிகளுக்குப் போய்ச் சாம்பல் கேட்டு வாங்கி வந்தேன். என் பழஞ்சேலை ஒன்றைக் கிழித்தேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதீர்கள்.

"உதைத் தொடாதையும். ஐயோ, உமக்கேன் உது?"

"சுட்டுப் பிழை, ரீச்சர்" என்றேன். "உது இல்லை, இது."

அழுகைக்குள்ளே உங்களுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாள் அப்படிப் போனது. துடைப்பேன், கழுவுவேன், மாற்றிக் கட்டுவேன். இரண்டாம் நாளே நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்புவதை விட்டுவிட்டீர்கள்.

மூன்றாம் நாள் பின்னேரம், பக்கத்துப் பாயில் இருந்த மனுசி என் கழுத்துச் செபமாலையையும் உங்கள் நெற்றித் திருநீற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இவ உங்களுக்கு ஆர், அம்மா? சம்பளத்துக்குப் பாக்க வந்தவவோ?"

நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற அந்தக் குரலில் சொன்னீர்கள்: "என்ரை தங்கச்சி. கூடப்பிறந்தவள்." சொல்லிவிட்டுக் கையை என் பக்கம் நீட்டினீர்கள்.

என் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் அசிங்கமாக இருந்தன. "பொறுங்கோ அக்கா, கழுவிக்கொண்டு ஓடி வாறன்" என்றேன். ஐந்து வருடமாக உள்ளுக்குள் வைத்திருந்த அந்த மன்னிப்பையும் அப்போதே கேட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முழுப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கிணறு. அவ்வளவு வரிசை. அரை மணித்தியாலம் நின்றிருப்பேன். திரும்பி வந்தபோது பாய் வெறுமையாகக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றுகிற லொறி வந்து போய்விட்டதாம். "தங்கச்சி எங்கை, தங்கச்சி எங்கை எண்டு கேட்டவ" என்று அந்த மனுசி சொன்னாள். அடுத்த நாள் நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது உங்களை மூடி வைத்திருந்தார்கள்.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் இதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். அந்த அழுக்குக் கையாலேயே உங்கள் கையைப் பிடித்திருக்க வேண்டும். நீங்கள் ஓங்காளித்திருக்க மாட்டீர்கள். நான் கழுவப் போயிருக்கக் கூடாது, அக்கா.