ஒன்பது ஊமை எழுத்துகள்

அண்ணே,

இன்று காலை பிரிண்டரிலிருந்து ஒரு பரிசோதனை அறிக்கையை உருவினேன். சூடான காகிதமும் மையும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும், நீ அன்றுபோலவே என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாய்.

தேனியில் ஒரு லேப்பில் இந்த அறிக்கைகளைத் தட்டச்சு செய்வதுதான் என் வேலை. சுருளிப்பட்டியில் திராட்சை போட்டிருந்த நீயோ யாரையும் லேசில் நம்பாதவன். பூச்சி மருந்து டப்பாவில் இருக்கும் பொடி எழுத்தைக்கூடக் கண்ணாடி போட்டுப் படித்த பிறகுதான் மூடியைத் திருகுவாய். அன்று மஞ்சள் பூத்த கண்களோடு வந்து, வேறோர் ஆஸ்பத்திரியில் கொடுத்த உன் அறிக்கையை என் முன்னால் வைத்தாய்.

"ஏத்தா, இந்த நீள வார்த்தைய வெட்டி வெட்டிச் சொல்லு."

ஆங்கிலத்தில் cholangiocarcinoma என்றிருந்தது. மொத்தம் எட்டு அசை. பின்பாதி நான்கும் சேர்ந்தால் புற்று என்று பொருள். "கொ-லான்-ஜி-ஓ" என்று முன்பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

"பித்தக்குழாய்ல ஏதோ அடைப்புண்ணே. மாத்திரைல சரியாயிரும்."

உன் விரல் காகிதத்தை விட்டு நகரவில்லை. "மிச்சம்?"

"அது ஊமை எழுத்துண்ணே. நைஃப்ல கே இருக்குல்ல, அது மாதிரி."

"அதுல ஒண்ணுதான ஊமை?" பத்தாவது வரை படித்தவன் நீ. மிச்ச எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாய். "இங்கன ஒம்போது கெடக்கே."

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். "சரித்தா, நீ சொன்னாச் சரிதான்," என்று எழுந்தாய். பூச்சி மருந்துக் கம்பெனி ஆட்களிடம் பேசும் அதே குரல்.

அதன்பின் எப்போது போன் செய்து எப்படி இருக்கிறது என்று கேட்டாலும், "மாத்திரைல சரியாயிரும்," என்பாய். வலியைக்கூட என்னிடம் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்துவிட்டதோ என்று ஒவ்வொரு முறையும் திக்கென்றிருக்கும்.

நீ போன பதினாறாம் நாள், பாத்திரம் கழுவிக்கொண்டே மதினி சொன்னார்: "ஒங்கண்ணனுக்கு எல்லாந் தெரியும்த்தா. கம்பத்துல மருந்துக்கடையில முழுசாப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் ஒங்கிட்டயே வந்தாக."

பிறகு எதற்கு வந்தாய்? என்னைச் சோதிக்கவா? இவளாவது வேறு மாதிரிச் சொல்லமாட்டாளா என்றா?

இப்போது யார் கேட்டாலும் கடைசி அசைவரை சொல்லிவிடுகிறேன், அண்ணே. சொல்லும்போது அவர்கள் முகத்தையே பார்க்கிறேன், முன்னமே தெரிந்துகொண்டு வந்தவர்களோ என்று.