கடம்பேரி மதகுக்குப் படித்த வினையோலை

திருவும் நீரும் குன்றாதிருக்க. வெண்குன்றை மாநகரில் வீற்றிருந்து நெடுங்கழி நாடு புரக்கும் வேந்தர் பெருநற்கோ அவர்களின் வினைதேர் அமைச்சரும், அரசுப் பணிகள் அனைத்துக்கும் ஆளெடுக்கும் பொறுப்புடையவருமாகிய நாகன் தேவனார் திருமுன்புக்கு, கடம்பேரி ஏரிக்கும் அதன் கரைவாழ் ஊர்களுக்கும் தலைவனாகிய ஏரிநாயகம் ஊரன் காரி சொல்ல எழுதிய ஓலை. தங்கள் நகரில் மழை தவறாதிருக்க, கிணறுகள் ஊறுக, வாயிற்காவலர் விழித்திருக்க. இங்கே ஏரி நிறைந்திருக்கிறது. அதை நல்ல செய்தி என்று நகரத்தார் நினைப்பார்கள். கரையில் குடியிருப்பவன் அப்படி நினைப்பதில்லை.

நமக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். நாம் சொல்ல எழுதும் எழுத்தர் நல்ல மனிதர். ஆனால் சொல்லாததையும் சேர்த்து எழுதும் பழக்கமுடையவர். ஆகையால் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கக் கேட்ட பிறகே முத்திரை வைத்திருக்கிறோம். ஊரார் பேசியதை அவரவர் வாயில் வந்தபடியே எழுதச் சொன்னோம். முறையல்ல என்று எழுத்தர் முகம் சுளித்தார். சுளித்துக்கொண்டே எழுதும் என்றோம்.

அரசுப் பணி நாடி வருகிறவன், தான் யார், இதுவரை என்ன செய்தான் என்று எழுதிக் கொணரும் வினையோலையைத் தாங்கள் அறிவீர்கள். கடம்பேரியில் அதற்கு மேல் ஒரு வழக்கம் உண்டு. மடைக்காவலுக்கு வருகிறவன், உச்சிவேளையில் மதகுப் படியில் இடுப்பளவு நீரில் நின்று, தன் வினையோலையை ஏரிக்குப் படித்துக் காட்ட வேண்டும். அந்த மதகில் பணியிலிருக்கும்போதே மாண்ட காவலர்கள், காவலை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று கேட்டறிந்த பிறகுதான் அகல்வார்களாம். இதை நாம் நம்பியதில்லை. ஆனாலும் நிறுத்தியதுமில்லை.

சென்ற பெருமழையில் மதகுப் பலகை சிக்கிக்கொண்டபோது, அதை எடுத்துவிடத் தனியாக மூழ்கிய எயினன் என்னும் காவலன் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவன் மனைவி வெண்ணி, கரையோரம் தன் வீட்டு வாசலில் அமர்ந்து மதகையே பார்த்துக்கொண்டிருப்பது எமக்கு அன்றாடக் காட்சியாயிற்று. அவ்விடத்துக்குத்தான் தாங்கள் காடன் என்பவனை அனுப்பினீர்கள்.

காடன் கழிமுனை உப்பளத்து ஆள். கடல் ஏறி உப்பளம் அழிந்தபின் வேலை தேடி அலைந்தவன். போன வாசலிலெல்லாம் அவன் ஓலையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்திருக்கிறார்கள். சில இடங்களில் பார்க்காமலே தந்திருக்கிறார்கள். மனைவி மாதியோ சூல் கொண்டிருந்தாள். கடைசியில் யாரோ சொன்னார்களென்று, தங்கள் நகரின் கிழக்கு வாயிலில் வினையோலை எழுதி விற்கும் ஒருவனிடம் போய், மிச்சமிருந்த உப்பு மூட்டையை விலையாகக் கொடுத்தான். இதைக் கொண்டுபோனவன் வேலையில்லாமல் திரும்பியதில்லை என்று சொல்லி, அவனும் ஓர் ஓலையைக் கட்டிக் கொடுத்தான். எல்லாம் உயர்ந்த சொற்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற காடனுக்குப் பாதி விளங்கவில்லை. விளங்காததாலேயே உயர்வாக இருக்கும் என்று நம்பினான். தாங்களும் அதைப் பார்த்துத்தான் அவனைத் தேர்ந்தீர்கள். இதைச் சொல்லாமல் விடுவது மரியாதை. சொல்லிவிடுவது நம் வழக்கம்.

உச்சிவேளையில் ஊர் கூடியது. காடன் நீரில் இறங்கிப் படிக்கத் தொடங்கினான். “கரையுடைந்த காலத்துத் தன் இருவிரல் ஈந்து நீர் காத்தோன், துணை வேண்டாத் தோளினன்” என்று தட்டுத்தடுமாறி அவன் வாசித்தபோது, கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. இவ்வூருக்கு எயினன் முதன்முதல் வந்த நாளில் அதே படியில் நின்று படித்த ஓலை அது. ஒரு சொல் மாறவில்லை. பெயர் மட்டும் வேறு. ஒருமுறை வேலை வாங்கிக் கொடுத்த ஓலையை அந்தக் கிழக்கு வாயில்காரன் படியெடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவனுக்கெல்லாம் பெயரை மாற்றி விற்றிருக்கிறான். முன்பு வேறோர் ஊரில் உடைப்பு அடைக்கையில் இடக்கை விரல் இரண்டை இழந்தவன் எயினன். காடனோ அதைப் புகழ்ச்சிச் சொல் என்று எண்ணியிருந்தான்.

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி, “ஏப்பா, வெட்டுன வெரலு திரும்ப மொளச்சிருச்சாக்கும்? எங்க, கையக் காட்டு பாப்போம்” என்றாள். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் மதகின் அடியிலிருந்து தட்டும் ஒலி கேட்டது. நீருக்குள்ளிருந்து கழியால் பலகையைத் தட்டுகிற ஒலி. வேலை முடிந்தது, மேலே வருகிறேன் என்பதற்கு எயினன் அப்படித்தான் தட்டுவான்.

காடன் கைகளைத் தூக்கிக் காட்டினான். விரல்கள் பத்தும் இருந்தன. ஆனால் இடக்கையின் கடைசி இரண்டும் வெளுத்து மடங்கியிருந்தன. அவன் கரையைப் பார்த்து, தன் குரலல்லாத ஒரு குரலில், “வெண்ணி, கலயத்த மூடி வையி. காக்கா வாய வைக்குது பாரு” என்றான். அவள் வீட்டு வாசலில் கஞ்சிக்கலயம் திறந்துதான் இருந்தது. அதன் விளிம்பில் காகமும் இருந்தது.

நாம் எதையும் எளிதில் நம்புகிறவர் அல்லோம். ஊரில் யாரோ சொல்லிக்கொடுத்து இவன் நடிக்கிறான் என்றே முதலில் எண்ணினோம். அவனை நம் கூடத்துக்கு அழைத்துவந்து, அந்த இரு விரல்களின்மேல் அடுப்புத் தணலை வைத்தோம். அவன் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தோல் கருகும் நாற்றம் வந்த பிறகுதான், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். நடிப்பவனுக்கு அவ்வளவு வராது. அடுத்து, உன் மனைவி பெயரென்ன என்று கேட்டோம். “வெண்ணி” என்றான். சொன்னதும் அவனே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். “இல்ல நாயகரே, அது இல்ல. வேற பேரு. நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது” என்று அழுதான். நாம் போர் பார்த்தவர். அந்த அழுகையைப்போல் ஒன்றைப் பார்த்ததில்லை.

பொய்யோலை கொணர்ந்தவனை, அந்த ஓலையைக் கழுத்தில் கட்டி நாடு கடத்துவது சட்டம். ஊரார் அதைத்தான் கேட்டார்கள். வெண்ணி மட்டும் வேறு கேட்டாள். “அவர வெரட்டாதீங்க நாயகரே. அந்த ஓலையே இருக்கட்டும். தெனம் ஒரு வாட்டி தண்ணியில நின்னு படிக்கட்டும், போதும். படிக்கையில நடுநடுவே எங்க வீட்டுக்காரர் இருமுறது கேக்குது” என்றாள்.

அவர் இருமுகிற அளவுக்கு இவன் தன் நினைவில் குறைந்துகொண்டே போவான், இவனுக்கும் ஒருத்தி காத்திருக்கிறாள் அம்மா என்று சொன்னோம். அவள் மதகின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு நாம் கேளாமலே சொன்னாள்: “துணை வேண்டாத தோளுன்னு எவனோ எழுதிக் குடுத்தான். அவரு அப்படி ஆளே இல்ல. கெணத்துல கயிறு விட்டாக்கூட என்னத்தான் கூப்புடுவாரு. ஊரு முன்னால அத படிச்சுட்டாரு பாருங்க, அப்பறம் எவரையும் கூப்புட வாய் வரல. அன்னிக்கும் கரையில பத்துப் பேரு நின்னாங்க.”

அந்தப் பத்துப் பேரில் நம் ஆட்களும் உண்டு. அழைத்திருந்தால் இறங்கியிருப்பார்கள். அமைச்சர் பெருமானே, ஏரி எயினனைக் கொன்றது என்று முன்பு அனுப்பிய ஓலையில் எழுதினோம். அதைத் திருத்திக்கொள்க. ஓலையிலிருந்த ஒரு புகழ்ச்சிதான் அவனைக் கொன்றது.

காடனுக்குப் புதிய வினையோலை எழுதுவதென்று முடிவு செய்தோம். நீ என்ன செய்திருக்கிறாய் என்று கேட்டால், “ஒண்ணுஞ் செய்யல. உப்பளத்துல கெடந்தேன்” என்கிறான். வேலை தேடி அலைந்தவர்கள் எல்லாரும் இதையே சொல்வார்கள் போலும். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு எவனிடமாவது போய்ப் பொய் வாங்குவார்கள். உப்பளத்தில் கிடந்து என்ன செய்தாய் என்று நோண்டினோம். கடல்நீர் வாய்க்காலைத் திறந்து மூடுவது அவன் வேலையாம். அப்படியானால் மடை தெரிந்தவன்தானே, இதை ஏன் முதலில் சொல்லவில்லை என்று அதட்டினோம். “அது சின்ன வேலைங்க” என்றான். எழுத்தர் அதை ‘அலைகடலை ஆண்டவன்’ என்று எழுதத் தொடங்கினார். எழுத்தாணியைப் பிடுங்கிக்கொண்டோம்.

அவன் சொன்ன ஒவ்வொன்றையும், அவன் கை செய்ததா, அதனால் விளைந்தது என்ன, இந்த மதகுக்கு அது உதவுமா என்று கேட்டே ஏற்றோம். நன்றாகப் பாடுவேன் என்றான். மதகுக்கு எதற்கு என்று விட்டுவிட்டோம். வரப்பு கசிவதை மண்ணின் நிறத்தால் அறிவேன் என்றான், எழுதினோம். எழுதும்போது அவன் மடங்கிய விரலொன்று அசைந்ததைக் கண்டோம். எழுத்தரும் கண்டார். அதன்பின் அலங்காரம் எதுவும் அவர் கையில் வரவில்லை.

இறுதியில், கடல் ஏறிய நாளில் நீ என்ன செய்தாய் என்று கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “தனியா அடைக்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. கத்துனேன். தொண்ட கட்டுற மட்டும் கத்துனேன். எல்லாரும் வந்தாங்க. அளம் போச்சு, ஆளு ஒருத்தரும் போகல” என்றான். அதை எழுதாதீர்கள், அவமானம் என்றும் கெஞ்சினான். அதைத்தான் முதல் வரியாக வைத்தோம்.

மறுநாள் உச்சியில் மீண்டும் ஊர் கூடியது. புதிய ஓலை ஒரே நறுக்கு, ஒற்றைத் துண்டு. ஒரு மூச்சில் படித்துவிடலாம். தன் பெயரையும் ஊரையும் சொல்லி, தனியாக முடியாதபோது பிறரை அழைப்பவன் நான் என்று காடன் படித்தபோது அவன் நாக்கு இரண்டிடத்தில் தடுக்கியது. ஆனால் குரல் அவன் குரலாகவே இருந்தது. கேலி பேசிய கிழவியும் முன்வரிசைக்கு வந்து கேட்டாள். நீர் அசையாமல் நின்றது. பிறகு அடியிலிருந்து கழி ஒருமுறை தட்டியது. அவ்வளவுதான். காடன் படியிலேயே உட்கார்ந்து, “மாதி, மாதி” என்று பிதற்றினான். தீய்ந்த விரல்கள் அப்போதுதான் அவனுக்கு எரியத் தொடங்கின. கையை உதறிக்கொண்டு அலறினான். அந்த அலறலைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம்.

ஆகையால் வேண்டிக்கொள்வதும், எம் எல்லைக்குள் ஆணையிடுவதும் இவை. கழிமுனைக் காடனின் குற்றத்தைப் பொறுத்து, கடம்பேரி மடைக்காவலனாக அவனை உறுதி செய்து அருள்க. இனி எவனும் தன் வினையோலையைத் தான் அறிந்த சொல்லால், ஒரு நறுக்குக்கு மிகாமல், நாடிவந்த பணிக்கு வேண்டியதை முன்னாலும் வேண்டாததை வெளியிலும் வைத்து எழுதுக. செய்ததைச் சொல்லுக, அதனால் விளைந்ததைச் சொல்லுக, புகழ்வதைப் பிறருக்கு விட்டுவிடுக. ஒருவனுக்கு வேலை தந்த ஓலையை இன்னொருவனுக்கு விற்பவனைக் கிழக்கு வாயிலிலிருந்து அகற்றுக. ஓலையைப் படித்துத் தேர்கிறவர்கள், சொல்லின் உயரத்தைப் பார்ப்பதை விட்டு ஆளின் கையைப் பார்க்க. இந்தக் கடைசி வாக்கியம் யாருக்கென்று தாங்கள் அறிவீர்கள்.

அந்தப் பொய்யோலையை இத்துடன் கட்டி அனுப்புவதே முறை. அனுப்பவில்லை. வெண்ணி கேட்டாள், கொடுத்துவிட்டோம். அதன்பின் மதகில் தட்டும் ஒலி இல்லை. மதகை விட்டவன் வீட்டுக்குத்தான் போவான் போலும். அவள் வீட்டில் வேறு எவரும் இல்லை. அவளுக்கு எழுத்தும் தெரியாது. ஆயினும் உச்சிவேளையில் அந்த வாசலைக் கடப்பவர்களுக்கு உள்ளே ஓர் ஆண்குரல் ஓலை படிப்பது கேட்கிறதாம். நம்பாமல் நாமே போய் நின்றோம். முழுதும் கேட்டோம். துணை வேண்டாத் தோளினன் என்ற இடம் வந்ததும், அந்தக் குரல் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் படித்தது.

இதுபற்றி மறுவோலை வேண்டாம். ஏரியின் ஈரமண்ணில் கயல் முத்திரை பதித்தோம். மண் காயுமுன் ஓலை புறப்படுக. நீர் உள்ளவரை ஆணை நிற்க.