பிறைநிலாவில் வைத்து எடுத்த படம்

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடித்த கையோடு

அன்பு மகன் மகேஷ்குமாருக்கு உன் சித்தி சொர்ணம் ஆசையோடு எழுதுவது. இசக்கியம்மாள் காவலில் நானும் உன் சித்தப்பாவும் சுகமாக இருக்கிறோம், சித்தப்பாவின் முழங்கால் வலியும் சுகமாக எங்களோடேயே இருக்கிறது. அதே தாய் உன்னையும் உன் கப்பலையும் அதற்குக் கீழே கிடக்கிற அத்தனை தண்ணீரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று செவ்வாய், வெள்ளி தவறாமல் விளக்குப் போட்டு வருகிறேன். கப்பலுக்குப் போன் போட்டால் "கேக்கல சித்தி, கேக்கல" என்று நீ கத்துவதோடு காசு தீர்ந்துவிடுகிறது, அதனால்தான் உன் கப்பலில் வேலைக்குச் சேர வருகிற ரோஷன் தம்பி கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் என்று கொட்டை கொட்டையாக எழுதியிருக்கிறேன், அவசரப்படாமல் படி. புரியாத இடத்தை ரோஷனிடம் கேட்காதே, அவனுக்குத் தன் பேரையே தமிழில் எழுத வராது.

உறைக்குள் பஞ்சு சுற்றி நகத்தளவு கறுப்புத் தகடு ஒன்று வைத்திருக்கிறேன், குப்பை என்று உதறிவிடாதே. நீ விட்டுப்போன சின்னக் கேமராவின் மெமரி கார்டு அது. அதில் உள்ள படங்களைப் பார்த்து நீ தலையில் அடித்துக்கொள்வதற்கு முன்னால் ஒவ்வொன்றும் ஏன் அப்படி வந்தது என்று நான் சொல்லிவிட வேண்டும். விமானத்துக்குப் போகிற வாசலில் நின்றுகொண்டு "ஆட்டோவிலயே வச்சிரு சித்தி, வேற எதையும் தொடாத" என்று கத்தினாய் இல்லையா, நான் என்ன நினைத்தேன், நம் தாராவியில் கேமராவை ஆட்டோவில் வைத்தால் அது செம்பூர் போய்ச் சேருவதற்குள் கை மாறிவிடுமே, பிள்ளைக்குப் பிரிகிற கலக்கத்தில் வாய் குழறுகிறது என்று நினைத்தேன். பிறகு பக்கத்து வீட்டு அஸ்ரின்தான் கேமராவின் தலையில் இருக்கிற திருகுசக்கரத்தில் ஆட்டோ என்று எழுதியிருப்பதைக் காட்டித் தந்தாள், அதில் வைத்தால் வெளிச்சம், தூரம் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளுமாம். ஆனாலும் கிங்ஸ் சர்க்கிளுக்குப் போனபோது சக்கரத்தைத் திருப்பி வேறு இடத்தில் வைத்தேன், அந்தப் பக்கம்தான் போலீஸ்காரன் ஆட்டோ ரிக்‌ஷாவை விடமாட்டானே, சயான் முக்கோடு திருப்பி அனுப்பிவிடுவானே. நீ சிரி. உன் சித்தப்பாவும் சிரித்தார், ஆனால் சிரிப்பதற்கு முன்னால் "ஆமால்லா" என்று ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டுத்தான் சிரித்தார்.

முதலில் வருகிற படங்கள் நம் கோவில் கொடைத் திருவிழாவில் எடுத்தவை. பனிமூட்டத்துக்குள் சிவப்பாக ஒன்று தெரிகிறதே, அது அம்மன், கன்னத்தில் போட்டுக்கொள். கேமராவில் பூப் படம் போட்ட ஒரு இடம் இருக்கிறது, அம்மனுக்குப் பூ அலங்காரம், அப்போது பூவில் வைப்பதுதானே மரியாதை என்று வாசலில் நின்றபடி எடுத்தேன். அது மூக்கு இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பொருளை எடுக்கிறதற்காம், மோதிரக் கல், எறும்பு, அப்பளத்தில் ஒட்டிய சீரகம் இப்படி. மலைப் படம் போட்டதைப் பழனிக்கென்று விட்டுவைத்தேன். ஓடுகிற ஆள் படம் போட்டது சித்தப்பா முழங்காலுக்கு ஆகாது. பிறகு படத்தின் அளவு என்று எல், எம், எஸ் மூன்று எழுத்து இருந்தது, நம் தெருவில் பாதிப் பேர் சட்டை தைக்கிறவர்கள், எனக்குத் தெரியாதா, எதிர் வீட்டுப் பொடியன்களை எஸ்-இலும் உன் சித்தப்பாவை எல்-இலும் எடுத்தேன். எஸ்-இல் எடுத்ததைப் பெரிதாக்கினால் மாவு ஜலித்தது போலப் புள்ளி புள்ளியாய் வருகிறது. இப்போது எல்லோரையும் எல்-இல்தான் எடுக்கிறேன், கைக்குழந்தையாக இருந்தாலும்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாத சங்கதி அஸ்ரினுடையது. காசிம் பாயும் ரகுமத் மைனியும் போன வருடம் தங்கள் மகளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தது உனக்குத் தெரியாது, நீ கப்பலில் இருந்தாய். ஸ்டுடியோக்காரன் பிள்ளையைக் கம்ப்யூட்டரில் போட்டு வெளுத்து, மூக்கைக்கூடக் கொஞ்சம் செதுக்கிக் கொடுத்திருந்தான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த பையனின் மாமி, சர்பத் தட்டோடு நின்ற அஸ்ரினிடமே "போட்டோல இருக்க பொண்ணு எங்கம்மா, கூப்பிடு" என்றாள். நம் பிள்ளை தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவள்தான். அதன் பிறகு யார் கல்யாணத்துக்குப் போனாலும் போட்டோக்காரன் வந்தால் எழுந்து போய்விடுவாள். இப்போது தாணேயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது, பையன் பேர் தப்ரேஸ், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன், ஊர் கடையநல்லூர்தான். அவன் அம்மா படம் கேட்டுவிட்டாள். அஸ்ரின் என்னிடம் வந்து "ஸ்டுடியோ கிடியோல்லாம் முடியாது சித்தி. நீங்க எடுங்க. என் மூஞ்சி எப்படி இருக்கோ ஏக்தம் அப்படியே வரணும். புடிச்சா வரட்டும், இல்லேன்னா இதோட இந்தப் பேச்சே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். அவள் அந்தப் பக்கம் போனதும் ரகுமத் மைனி இந்தப் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு "அந்தக் கேமராவுல முகத்த வெளுப்பாக்குத ஒண்ணு இருக்காமே சொர்ணம், கொஞ்சமா வையி, அவளுக்குத் தெரியாண்டாம்" என்றாள். இருப்பது உண்மைதான். மெனு என்கிற பொத்தானை அமுக்கினால் பொம்பளை முகமும் பக்கத்தில் மினுமினுப்பும் போட்டு வருகிறது, மூன்று படி வைத்திருக்கிறான், மூன்றாவது படியில் எனக்கே கல்யாணம் பேசலாம். மைனியைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, ஆனால் தட்டைக் கீழே வைத்த அந்தப் பிள்ளை முகம் கண்ணுக்குள் நின்றது, நான் அதைத் தொடவில்லை.

எடுத்தேன். கீழே காசிம் பாயின் தோல் பை தைக்கிற கார்கானா, மேலே அவர்கள் வீடு, உனக்குத்தான் தெரியுமே, பட்டப்பகலிலும் டியூப்லைட் போட்டால்தான் உண்டு. லைட்டு எரிகிறதே என்று பல்பு படம் போட்டதில் வைத்தேன், பிள்ளை நீலமாக வந்தாள். வாய் வரைக்கும் வந்த சாமி பேரை, இன்னொருத்தர் வீட்டில் நிற்கிறோமே என்று விழுங்கிவிட்டேன். பல்பு படம் மஞ்சளாக எரிகிற குண்டு பல்புக்காம், டியூப்லைட்டுக்கு வேறு படமாம், வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்றபடி அது வெள்ளையைச் சரி பண்ணுகிறதாம். அதைச் சரி பண்ணி எடுத்தால் அடுத்த படத்தில் அஸ்ரினுக்கு இரண்டு மூக்கு. அதற்கடுத்ததில் ஆளே புகையாகக் கரைந்துவிட்டாள். பிள்ளை முகம் வாட ஆரம்பித்துவிட்டது, "நம்ம மூஞ்சிதான் சரியில்ல போல" என்று மெல்லச் சொன்னாள், எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தவள் "என்ன சித்தி இது, நிலாவுலல்லா வச்சிருக்கீங்க, இது ராத்திரில எடுக்கதுக்கு. வெளிச்சம் பத்தாதுன்னு ரொம்ப நேரம் கண்ணத் தொறந்து வச்சிருக்கும், கை லேசா ஆடினாலும் போச்சு. பகல்ல எதுக்கு இதுல வச்சீங்க?" என்று கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன், "பிறையும் நட்சத்திரமும் போட்டிருக்கேட்டி, ஒங்க பள்ளிவாசல்லயும் அதானே இருக்கு. ஒங்க ஆளுகள எடுக்கதுக்குன்னு தனியா குடுத்திருக்கான்னு நெனச்சேன், மரியாதைக்கு வச்சேன்." படியேறி வந்துகொண்டிருந்த காசிம் பாய் மேல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார், "யா அல்லா, பம்பாயில பேரச் சொன்னா வீடு வாடகைக்குத் தர மாட்டேங்கான், கேமராக்காரன் நமக்குன்னு ஒரு எடமே ஒதுக்கி வச்சிருக்கானே" என்றார். அஸ்ரின் கேமராவை என் கையில் திணித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பார், கண்ணில் தண்ணீர் வர, பல்லெல்லாம் தெரிய, இந்தப் பிள்ளை இப்படிச் சிரித்து நான் பார்த்தே ஒரு வருடம் ஆகிறது. அப்போது கேமரா தானாக க்ளிக் க்ளிக் என்றது. நான் அமுக்கவே இல்லை, அம்மன் சத்தியம். அவள் நிலாவை விட்டுச் சக்கரத்தை உருட்டின உருட்டில் சிரிக்கிற முகம் போட்ட பொத்தானில் கை பட்டிருக்கிறது, ஆள் சிரித்தால் அதுவே எடுத்துக்கொள்ளுமாம்.

அந்தப் படத்தைக் கார்டில் தேடிப் பார், ஒன்றும் செய்யாத மாநிறம், நெற்றியில் பரு, சிரிப்பு. ரகுமத் மைனி "பல்லக் காட்டிக்கிட்டு நிக்க படத்தையா சம்பந்தக்காரங்களுக்கு அனுப்புவாங்க, பொண்ணு அடக்கமில்லன்னுல்லா சொல்லுவாங்க" என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். காசிம் பாய்தான் "பல்லு அவளுது, முகம் அவளுது, கடன் வாங்கினது ஒண்ணுமில்ல, இதுதான் போகும்" என்று முடித்தார். கிங்ஸ் சர்க்கிளில் படம் போட்டுத் தருகிற கடைக்கு நானே கொண்டுபோனேன், அந்தப் பையன் "ஆன்ட்டி, ஃபேஸ் கொஞ்சம் ப்ரைட் பண்ணட்டுமா?" என்று மௌஸில் கை வைத்தான், "தொட்டேன்னா பாத்துக்கோ" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் பூ வாங்கிக்கொண்டிருந்த மாமி திரும்பிப் பார்த்தாள்.

தாணேயிலிருந்து வருகிறோம் என்று பதில் வந்தது, கூடவே தப்ரேஸ் படமும். அஸ்ரின் அதைப் பார்த்துவிட்டு என் மடியில் போட்டாள். பின்னால் நீலத் திரை, முகம் உரித்த முட்டை மாதிரி, பல்வரிசை பீங்கானில் செய்து வைத்தது மாதிரி. "இது ஆளா சித்தி, பொம்ம. நான் உள்ளபடி அனுப்பினேன்லா, அவரும் உள்ளபடி வரட்டும். நம்ம கேமராவுல, சிரிப்புல வச்சு நீங்க எடுத்துக் காட்டினாத்தான் நான் பதில் சொல்லுவேன்" என்றாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று காசிம் பாய் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். நான் சொல்லுதேன் பாய் என்று வாய்விட்டுவிட்டேன், அப்புறம் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, நம்மால் இந்தச் சம்பந்தம் கெட்டுப்போனால் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது.

போன வாரம் வந்தார்கள். தப்ரேஸின் அம்மா மேலே வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து படத்தை எடுத்து, டிக்கெட் பரிசோதகர் பாஸைப் பார்க்கிற மாதிரி அஸ்ரின் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ரகுமத் மைனி தஸ்பீ மணியை உருட்டுகிற வேகத்தில் நூல் அறுந்துவிடும் போல இருந்தது. "அதே பிள்ளதான், சிரிப்ப மட்டும் எங்க ஒளிச்சு வச்சிருக்கா?" என்றாள் அந்த மகராசி. நான் அந்தச் சந்தோஷத்தோடேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு, மாப்பிள்ளையை ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று அவளிடம் கேட்டுவிட்டுக் கீழே கார்கானாவுக்கு இறங்கிவிட்டேன். அந்தத் தம்பி தோல் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். சிரிப்புப் பொத்தானில் வைத்து நீட்டினேன். உதட்டை மூடிக்கொண்டு சிரித்தான், கேமரா அசையவில்லை. கன்னத்தை மட்டும் தூக்கினான், அதற்கும் ஏமாறவில்லை. தையல் மிஷின் எல்லாம் நின்றுபோய் வேலையாட்கள் வேடிக்கை பார்த்தார்கள். "பல்லு தெரியணுமா மாசி?" என்று கேட்டான், பம்பாய்ப் பிள்ளைகளுக்குச் சித்தி என்றால் மாசிதானே. தெரிஞ்சாத்தான் எடுக்கும் தம்பி என்றேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு "முன்பல்லு பாதி ஒடஞ்சது மாசி. ஸ்டுடியோக்காரன் அவனாவே கட்டிக் குடுத்துட்டான்" என்றான். "காசு வாங்காம பல்லு கட்டுத டாக்டரு பம்பாயிலயே அவன் ஒருத்தன்தாம்ப்பா, அட்ரஸக் குடு, எனக்கும் ரெண்டு ஆடுது" என்றேன். கையை எடுத்துவிட்டுச் சிரித்தான், க்ளிக்.

மேலே கொண்டுபோய் அஸ்ரின் கையில் கொடுத்துவிட்டு இசக்கியம்மாளைக் கும்பிட்டுக்கொண்டு அடுப்பங்கரை ஓரமாக நின்றேன். அவள் படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், கடைசியில் திரை முழுக்க அந்த அரைப் பல் மட்டும்தான். போச்சு என்று நினைத்தேன். "இது எப்படி ஒடஞ்சுதாம் சித்தி?" என்றாள். நான் கேக்கலையேட்டி என்றேன். "சரி, விடுங்க. நானே கேட்டுக்கிடுதேன்" என்று கேமராவை அணைத்து என் கையில் கொடுத்தாள். எனக்கு விளங்குவதற்குள் ரகுமத் மைனிக்கு விளங்கிவிட்டது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நிக்காஹ் நீ கப்பலிலிருந்து இறங்கிய பிறகுதான், காசிம் பாய் உனக்காகத் தள்ளி வைத்திருக்கிறார், லீவு சொல்லி வை. கேமராவின் பேட்டரி நிறைய நேரம் நிற்பதில்லை, வருகிற வழியில் ஒன்று வாங்கி வா. வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள், திருநீறு பொட்டலம் உறையின் மூலையில் இருக்கிறது, பஞ்சோடு சேர்த்து எறிந்துவிடாதே. இன்னொன்று, செம்பூரில் உனக்கு ஒரு பெண் இருக்கிறது என்று சித்தப்பாவின் கூட்டாளி சொல்கிறார். உன் படம் ஒன்று ரோஷனை எடுக்கச் சொல்லி அனுப்பு. கறுப்புக் கண்ணாடி வேண்டாம், தொப்பி வேண்டாம், முன்னந்தலை ஏறியிருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். சும்மா சிரி, போதும், மற்றதை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்வாள்.

கடலும் காற்றும் உன் சொல் கேட்கட்டும், நீ என் சொல் கேட்டு வேளைக்குச் சாப்பிடு.

உன் நினைப்பாகவே இருக்கிற சித்தி
சொர்ணம்மாள்
(சித்தப்பா பூதத்தானும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்)