ஜூலையில் குளிரும் ஊர்

ஒக்டோபர் 13, திங்கள்

காலை தொடக்கம் தூறல். குடை எடுக்கவில்லை, நனைந்தேன். வானத்தைப் பார்த்து, எடு, எடுக்காதே என்று சொல்ல இவர் இல்லை. இவர் போய் ஒன்பது மாதம். இவர் சொல்வதும் பாதி நாள் பிழைதான். ஆனாலும் வாசலில் நின்று மாரி ஜக்கெற்றின் இழுபடாத சிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே ஏதாவது சொல்வார்.

வேலையில், சலவை அறையில் ஒரு மெசின் பழுது. படுக்கைத் துணி மட்டும் பதினொரு வண்டி. முதியோர் இல்லத்தில் மாரிக்குளிர் வந்தால் துணியும் கூடும்.

பின்னேரம் மகள் மதுரா போன் எடுத்தாள். ஆபிரிக்காவில் விண்ட்ஹுக் போய் இரண்டு மாதம். அங்கே ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், மூன்று வருட வேலை. இப்போது பள்ளிக்கூடமே வீடு கொடுக்கிறதாம். ஒரு அறை வீடா, இரண்டு அறை வீடா என்று வெள்ளிக்கிழமைக்குள் அவள் சொல்லவேண்டும். இரண்டு அறை என்றால் நானும் ஜெர்மனியை விட்டுப் போய் இருக்கவேண்டும்.

"அம்மா, ஹம்மில தனிய இருந்து என்ன செய்யப்போறீங்கள்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு, அங்கே உடுப்பு எவ்வளவு நேரத்தில் காயும் என்று கேட்டேன். சிரித்தாள். ஆபிரிக்கா என்றதும் எல்லாரும் சிங்கம் இருக்கோ, பாம்பு இருக்கோ என்று கேட்கிறார்களாம், நான்தான் உடுப்பைப் பற்றிக் கேட்கிறேனாம்.

அந்த ஊருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு என்று எழுதிய ஒரு பக்கத்தை அனுப்பியிருக்கிறாள். பன்னிரண்டு மாதக் காலநிலை. நீலக் கோடு, சிவப்புக் கோடு, ஏறுகிறது, இறங்குகிறது. மலைகளுக்கு நடுவில் உயரத்தில் இருக்கிற ஊர், தாண்டினால் பாலைவனம். அவ்வளவுதான் விளங்கியது.

வாங்க: உப்பு, வெங்காயம், தேயிலை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. இன்று துவாய்ச் சோதனை, எந்த ஊரில் முதலில் காயும் என்று.

மதுரா போகும்போது குளித்துத் துடைக்கிற நீலத் துவாய் ஒன்று கொண்டு போனாள். அதன் சோடி என்னிடம். நாலு மணிக்கு இரண்டு பேரும் நனைத்து, கையால் பிழிந்து, பல்கனியில் போட்டோம். இப்போது இரண்டு ஊரிலும் ஒரே மணி, கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. போனைக் கதிரையில் சாத்தி வைத்து அவளுடைய துவாயை இங்கிருந்து பார்த்தேன். பின்னால் மொட்டை மலை, மண் நிறம். வானம் ஒரு முகில் இல்லாமல்.

நாலரைக்கு அவளுடையது காய்ந்தது. மடித்துக் காட்டினாள், அப்பளம் மாதிரி நின்றது. என்னுடையது ஆறு மணிக்கும் சொட்டுகிறது.

அவ்வளவு தண்ணீரும் எங்கே போனது என்று கேட்டேன். காற்றுக்குள் என்றாள். அப்படியென்றால் அந்தக் காற்றுக்குச் சரியான தாகம். போன புதிதில் அவளுக்கு உதடு வெடித்து, மூக்காலும் இரத்தம் வந்ததாம். அப்போது சொல்லவில்லை. என்னிடம் சொன்னால் பயப்படுவேன் என்று விட்டாளாம். பயமில்லை. ஆனால் துவாயைக் குடிக்கிற காற்று ஆளை விடுமா?

கேட்க வேண்டியவை: தலைக்கு எண்ணெய் வைத்தால் நிற்குமா. கறிவேப்பிலை வளருமா. மழை வருகிற மாதம் எது. வந்தால் என்ன செய்வார்கள்.

ஒக்டோபர் 15, புதன்

துவாய் இன்னும் ஈரம். முகர்ந்தேன், புழுங்கல் மணம்.

இவருடைய உடுப்பெல்லாம் முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் பிறகு கொடுத்தாயிற்று. ஜக்கெற்றை மட்டும் கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்கு, மறந்துபோனேன் என்றேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பொருளை ஒருத்தி எப்படி மறப்பாள். ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.

இன்று அதைக் கழற்றி, பையில் போட்டு, தேவாலயத்துக்குப் பின்னால் இல்லாதவர்களுக்கு உடுப்புக் கொடுக்கிற அறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரை மணியில் துவாய் காய்கிற ஊருக்கு மாரி ஜக்கெற் எதற்கு. பெட்டியும் ஒன்றுதான், இருபத்து மூன்று கிலோ. போவது என்று முடிவெடுக்கவில்லை. போகிறவள் செய்வது ஒன்றைச் செய்து பார்த்தேன், எப்படி இருக்கிறது என்று.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் ஆணி.

சாப்பிடவில்லை. தேத்தண்ணி மட்டும்.

ஒக்டோபர் 16, வியாழன்

மூடல். காற்று. துவாயை உள்ளே எடுத்து, அறையைச் சூடாக்கிற ஹைட்சுங்கின் மேல் போட்டேன். ஹைட்சுங்கில் காயவைத்தால் சோதனையில் சேராது, தெரியும்.

டிரெஸ்டனிலிருந்து கவிதா என்ற பிள்ளை போன் எடுத்தது. மதுரா சொல்லி விட்டிருக்கிறாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, புருசனின் வேலைக்காக விண்ட்ஹுக்கில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தது. நல்ல பொறுமை. கோட்டுப் படத்தை எனக்காக மாதம் மாதமாகச் சொன்னது, நான் என் பாட்டுக்கு எழுதிக்கொண்டேன்:

ஜன., பெப்., மார்ச்: மழைக்காலம். பின்னேரம் இடியோடு வரும், கொட்டும், போகும். உடுப்பைக் காலையில் போட்டு இரண்டு மணிக்குள் எடுக்கவேண்டும். மற்ற நாளில் ஆறு வெறும் மணல், அன்றைக்கு மட்டும் தண்ணீர் ஓடும். சனம் கார் எடுத்துக்கொண்டு பார்க்கப் போகுமாம்.
ஏப்.: மழை முடியும். மலை பச்சை. நல்ல மாதம்.
மே: வரட்சி தொடங்கும்.
ஆக.: புழுதிக் காற்று. வெள்ளைத் துணி வெளியே போடக்கூடாது.
செப்., ஒக்., நவ்.: சூடு. துவாய் அரை மணி.
டிச.: சூடு. முகில் கூடும், மழை வரும், வராது. எல்லாரும் வானத்தைப் பார்த்தபடி இருப்பார்களாம். இவருக்கேற்ற மாதம்.

ஜூனையும் ஜூலையையும் தாண்டி எழுதிவிட்டேன் என்று பார்த்து, அதென்ன என்று கேட்டேன்.

"அதான் ஆன்ட்டி குளிர்காலம். டெசர்ட்தானேன்னு நாங்களும் ஸ்வெட்டர் எல்லாம் டிரெஸ்டன்லயே வச்சிட்டுப் போனோம். ஜூலைல வீட்டுக்குள்ள நடுங்கிட்டு இருந்தோம். அங்க வீட்டுல ஹீட்டிங்கே கிடையாது. வெளிய வெயில்ல போய் நின்னாத்தான் சூடு. நல்ல ஜாக்கெட் ஒண்ணு கண்டிப்பா எடுத்துக்கோங்க."

இரவு வெளியில் மறந்து விட்ட துணி சில நாள் காலையில் பலகை மாதிரி விறைத்திருக்குமாம். பகல் பத்து மணிக்கு அதே துணி காய்ந்துவிடுமாம். பிள்ளை இன்னும் ஏதோ சொன்னது, எழுதவில்லை. ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலைவனம் என்றால் சூடு என்று நினைத்தேன். அங்கும் குளிர்காலம் இருக்கிறது. ஜூலையில்.

ஒக்டோபர் 17, வெள்ளி

மழை. வேலை முடிந்து நேரே உடுப்பு அறைக்கு. மூன்று மணிக்குத் திறப்பார்கள், பத்து நிமிடம் வாசலில் நனைந்துகொண்டு நின்றேன்.

ஜக்கெற் இருந்தது. ஒரு ஆளின் மேல் இருந்தது.

உயரமான மனிதன், சிரியாக்காரன் போல. கண்ணாடிக்கு முன்னால் நின்று சிப்பை இழுக்கிறான். பாதியில் நிற்கிறது. திரும்ப இறக்கி, திரும்ப இழுக்கிறான். அது அப்படி வராது. கீழே ஓரத்தை ஒரு கையால் பிடித்து, கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து இழுக்கவேண்டும். எனக்குத் தெரியும். இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

நாலு தரம் இழுத்தான். பிறகு கழற்றித் திரும்பத் தொங்கவிட்டான்.

பாவம்தான். அதனால் அந்த வரிசை முழுக்கத் தடவிப் பார்த்து, உள்ளே கனமான பஞ்சு வைத்த கறுப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தையல் உறுதி, சிப் நல்லது, ஒரு தரம்கூடத் தோய்க்காதது. துணியில் நான் பிழைவிடமாட்டேன். போட்டுப் பார்த்தான், அளவு சரி. நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னான். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேசையில் இருந்த பெண், இது நீங்கள் புதன்கிழமை கொண்டுவந்ததுதானே என்று கேட்டா. ஓம், ஜூலையில் குளிரும் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கொண்டு போங்கள் என்றா.

மழைக்கு அதையே போட்டுக்கொண்டு வந்தேன். கை நீளம், இரண்டு மடிப்பு.

ஐந்து மணிக்கு மதுரா.

"மது, ரெண்டு அறை எடு."

"வாறீங்களோ அம்மா?" என்றாள்.

"அப்பான்ர திவசம் முடிச்சுக்கொண்டு பெப்ரவரியில வாறன். ஆனா இருப்பன் எண்டு இப்ப சொல்ல ஏலாது. பன்னிரண்டு மாசத்தையும் பாக்கவேணும். ஜூலையைப் பாக்காமல் ஒண்டும் சொல்லமாட்டன்."

அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. உங்களுக்கு ஜூலையில என்ன விசர் என்றாள்.

இங்கே இவர் இல்லாமல் நான் பார்க்காத மாதங்கள் இன்னும் இரண்டுதான். நவம்பர், டிசம்பர். அதையும் பார்த்துவிட்டால் ஒரு சுற்று.

திங்கள்: வேலையிடத்தில் ஒரு வருடம் லீவு தருவார்களா என்று கேட்க.

துவாய் காய்ந்துவிட்டது. மூன்று நாள், அதுவும் ஹைட்சுங்கில்.

ஜக்கெற்றை மேசையில் விரித்து, சிப்பின் பல்லில் காய்ந்த சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தேன், இரண்டு பக்கமும். ஒரே இழுவையில் மேலே போகிறது. ஐந்து மாரியாக இவர் இதைச் செய்து தரச்சொல்லிக் கேட்டார். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.